பலகையில் வரையாத வட்டம்

“உனக்கு வர்க்கப் பார்வையே கிடையாது பெர்னா. இத்தனை வருஷம் என்கூட இருந்தும் அது உனக்கு வரவே இல்லை.” சொன்னது என் புருஷன். சொன்ன இடம் என் அடுப்படி. சொல்லும்போது கையில் தட்டு, உப்புமாவை வழித்துச் சாப்பிட்ட தட்டு, அதை சிங்க்கில்கூடப் போடாமல் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, திரைச்சீலையை ஒதுக்கி முன்னறைக்குப் போயாயிற்று. அங்கே பாய் விரித்து ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மார்க்சிய வகுப்பு. இடைவேளை முடிந்து தோழர் தியாகேசன், இவர்தான், மறுபடி பேசப் போகிறார், தொண்டையைச் செருமுகிறார், சாக்பீஸைத் தேடுகிறார், நான் டீ வைக்க வேண்டும். வரவே இல்லையாம். ஏதோ நான் வயதுக்கு வராத பெண் மாதிரி. அப்படி என்ன கேட்டுவிட்டேன். மாரிக்கண்ணு ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்கிறாள், போன வாரம் முடியாது என்று சொல்லச் சொன்னீர்கள், சொன்னேன், இன்றைக்கு மறுபடி கேட்பாள், இந்தத் தடவை நீங்களே சொல்லுங்கள் என்றேன். இவ்வளவுதான். இதற்குப் பார்வை எதற்கு, வாய் போதாதா. மாரிக்கண்ணு பின்பக்கம் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று குரலை இறக்கித்தான் சண்டை போட்டோம். இந்த வீட்டில் எங்கள் சண்டை எப்போதும் அப்படித்தான், முன்னறையில் தோழர்கள், பின்பக்கம் வேலைக்காரி, நடுவில் நாங்கள் இரண்டு பேரும் பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டு. வேலைக்காரி என்று சொல்லக் கூடாது. வீட்டுவேலைத் தொழிலாளி. சொன்னால் அதற்கும் ஒரு வகுப்பு எடுப்பார்.

கத்தரிக்கோலைக் காணோம். பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு ஊற்றுகிறேன். சிஸ்டர் அகஸ்தா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். எங்கள் கான்வென்ட்டில் பெண்பிள்ளை வாழைப்பழத்தைக்கூடத் துண்டு போட்டுத்தான் தின்ன வேண்டும். அந்த சிஸ்டர்தான் ஒவ்வொரு வருஷமும் அப்பாவைக் கூப்பிட்டு, என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, ஒரே வரியைச் சொல்வார். உங்கள் மகளுக்கு எல்லாம் இருக்கிறது, தாழ்ச்சி மட்டும் கிடையாது. அப்பா பணிவாகத் தலையைக் குனிந்துகொள்வார், அவருக்கு இருந்த தாழ்ச்சி மூன்று பேருக்குப் போதும். அங்கே எனக்குத் தாழ்ச்சி கிடையாது, இங்கே பார்வை கிடையாது. நான் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டில் எது ரொம்ப முக்கியமோ அது என்னிடம் இல்லாமல் போய்விடுகிறது. அங்கே சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், இங்கே மாதம் ஒருமுறை சுயவிமர்சனம். ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே முழந்தாளிட்டு என் பாவத்தை நான் சொல்ல வேண்டும். இங்கே தோழர்கள் சுயவிமர்சனம் என்று தொடங்கினால் ஐந்தாவது வாக்கியத்தில் அடுத்தவன் மாட்டியிருப்பான். இதை ஒருதடவை சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள், இவர் மட்டும் சிரிக்கவில்லை, எல்லாரும் போனபிறகு, உன் நாக்கு இயக்கத்துக்குக் கெடுதல் பண்ணும் பெர்னா என்றார். என் நாக்கு. இஞ்சியைத் தட்டுகிறேன். குழவியின் அடி முன்னறை வரைக்கும் கேட்கும், கேட்கட்டும். வரவே இல்லையாம்.

வராமலா அந்தத் தடிமனான புத்தகங்களை வாசித்தேன். இவர் படித்ததெல்லாம் தமிழ் மீடியம், ரயில்வே பணிமனையில் ஃபிட்டராகச் சேர்ந்து சங்கத்துக்குச் செயலாளர் ஆனவர், மேடையில் நெருப்பாகப் பேசுவார், ஆனால் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே கொட்டாவி. பொடி எழுத்து, பைபிள் தாள், சுவரில் மாட்டியிருக்கிற தாடிக்காரர் வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்க மாட்டார், ஒரு வாக்கியத்துக்குள் நாலு வாக்கியம் குடித்தனம் இருக்கும். நான்தான் வாசித்தேன். அரிசி களைந்துகொண்டே, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னேன், இவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். அப்போது எனக்கு வேலை போயிருந்தது. படித்த பள்ளியிலேயே டீச்சராகச் சேர்ந்திருந்தேன், ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டேன் என்று தெரிந்ததும் மதர் கூப்பிட்டு டீ கொடுத்து ஆசீர்வதித்து அனுப்பிவிட்டார். வேறு பள்ளி பார்க்கிறேன் என்றேன். இவர் சொன்னார், எதுக்கு பெர்னா, இயக்கத்துக்கு ஒரு வீடு வேணும், எப்ப யார் வந்தாலும் திறந்திருக்கிற வீடு. எனக்கு அது வானத்திலிருந்து வந்த வாக்கு மாதிரி இருந்தது. திறந்திருக்கிற வீடு. வீடு தானாகத் திறந்திருக்காது, உள்ளே ஒருத்தி இருந்தால்தான் திறந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. ஒருநாள் உபரி என்ற இடத்தில் இவர் மாட்டிக்கொண்டார். கூலி கொடுத்தாச்சே, அப்புறம் எங்கேயிருந்து உபரி வருது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு எங்கள் போர்டிங் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், கான்வென்ட்டிலேயே வளர்ந்தவர்கள், நாங்கள் அல்ஜீப்ரா படிக்கும்போது அவர்கள் பின்பக்க வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து லேஸ் பின்னுவார்கள், மேஜை விரிப்பு, தலையணை உறை, கைக்குட்டை. டிசம்பரில் அதெல்லாம் விற்பனைக்கு வரும், எங்கள் அம்மாக்கள் போட்டி போட்டு வாங்குவார்கள். பிள்ளைகளுக்குச் சோறு, இரண்டு கவுன், தேங்காயெண்ணெய். மிச்சத்தில் கோயிலுக்கு ஒரு மணி வந்தது, அவ்வளவு பெரிய மணி, பிஷப் வந்து மந்திரித்தார், அந்தப் பிள்ளைகள்தான் பாட்டுப் பாடினார்கள். இவரிடம் சொன்னேன், காலையில அதுங்க பின்னினது சோத்துக்கு, மத்தியானம் பின்னினது மணிக்கு. இவர் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். மத்தியானம் பின்னினது மணிக்கு, மத்தியானம் பின்னினது மணிக்கு என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு என்னை எப்படிப் பார்த்தார். அந்தப் பார்வை ஒன்று போதும் என்றுதான் இத்தனை வருஷம் அரிசி களைந்தேன் என்று நினைக்கிறேன். அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் உங்கள் புத்தகத்தில்.

“அக்கா, டம்ளரெல்லாம் கழுவியாச்சு. டீக்கு இதையே எடுத்துக்கவா?” மாரிக்கண்ணு வந்துவிட்டாள், கூடை நிறைய எவர்சில்வர் டம்ளர், முழங்கை வரைக்கும் ஈரம். “எடுத்துக்க.” “தோழர் கோவமாப் போறாப்ல இருந்துச்சு.” “அவருக்குக் கோவமெல்லாம் வராது மாரி, அவருக்கு வர்றது பூரா கொள்கை.” சிரிக்கிறாள். அவள் சிரித்தால் எனக்கு லேசாகிவிடும், என்ன செய்வது, இந்த வீட்டில் என் நாக்குக்குச் சிரிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அவரை அவள் தோழர் என்பாள். வேலைக்கு வந்த முதல் நாளே இவர் சொல்லிவிட்டார், ஐயா கிய்யா எல்லாம் இங்கே கிடையாது மாரிக்கண்ணு, என்னைத் தோழர்னு கூப்பிடு. அவளுக்கு வெட்கம், பிறகு பழகிவிட்டது. என்னை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். அம்மான்னு மட்டும் கூப்பிடாதே, அக்கான்னு கூப்பிடு என்றார், பெருந்தன்மையாக. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குத் தோழர் கிடையாது. தோழரிடம் யாரும் முன்பணம் கேட்க முடியாது, தோழரிடம் லீவு கேட்க முடியாது, தோழர் வந்து குக்கர் ஏன் கறுத்திருக்கிறது என்று கேட்க மாட்டார். அதையெல்லாம் அக்கா பார்த்துக்கொள்வாள். போன மாதம்தான் அவள் புருஷனுக்கு லாரி மாறியது. வாரம் முழுக்க லோடு, சனி ராத்திரி வருகிறான், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுகிறான். “நான் வர்றப்ப தூங்குறாருக்கா, நான் திரும்புறப்ப குளிச்சிட்டு நிக்கிறாரு. என்னைவிட எதுத்த வீட்டுக்காரிதான் அவரை அதிகமாப் பாக்குறா” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், சொல்லிவிட்டு ஈயப் பாத்திரத்தை ரொம்ப நேரம் தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்டுடுங்கக்கா, மத்த நாள்ல சேத்துப் பண்ணிடுறேன். எனக்கு உடனே சரி என்று வாயில் வந்தது. தோழர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் என்றேன், அவர் தொழிலாளிகளின் ஆள், என்னைவிட அழகாகச் சரி சொல்வார் என்று. இவர் ஷேவ் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “இப்ப முடியாதுன்னு நீயே சொல்லிடு பெர்னா. நான் சொன்னா நல்லா இருக்காது. வீட்டுவேலைத் தொழிலாளிகளுக்கு வார விடுமுறை கேட்டு நோட்டீஸ் அடிச்சவன் நான்.” “அப்ப குடுத்துட வேண்டியதுதானே.” “குடுக்கலாம், குடுக்கணும். இந்த வகுப்பு ஒரு சுற்று முடியட்டும். வெளியூர்த் தோழர்கள்லாம் வர ஆரம்பிச்சிருக்காங்க. அத்தனை பேருக்கும் நீ தனியா எப்படிச் செய்வே, உன் முட்டி இருக்கிற நிலைமைக்கு.” என் முட்டி. என் முட்டியை இவர் நினைத்துப் பார்த்தார் என்று எனக்கு, வெட்கம் கெட்டுப்போய்ச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. போய் மாரிக்கண்ணுவிடம் சொன்னேன். கொஞ்ச நாள் போகட்டும் மாரி, இப்ப முடியாது. சரிக்கா என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சரிக்கா ஒரு வாரமாக மீன்முள் மாதிரித் தொண்டையில் நிற்கிறது, முழுங்கினாலும் போகவில்லை, இருமினாலும் வரவில்லை.

முன்னறையில் சிரிப்பு. இந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், இது அந்த மணிக் கதைக்கு வருகிற சிரிப்பு. காதைக் கொடுக்காமலே சொல்வேன், முதலில் கொஞ்சம் நிறுத்துவார், பிறகு குரலைத் தணித்து, ஒரு கான்வென்ட்டுல என்று தொடங்குவார். ஒரு கான்வென்ட். எந்தக் கான்வென்ட், யாருடைய கான்வென்ட், ஏதோ இவர் போய் லேஸ் பின்னிவிட்டு வந்த மாதிரி. “காலையில் பின்னினது சோத்துக்கு. மத்தியானம் பின்னினது” என்று விட்டுவிடுவார், வகுப்பே சேர்ந்து மணிக்கு என்னும். சொல்லிவிட்டார்கள். திருப்பலியில் பதில் சொல்வதுபோலவே இருக்கிறது. நான் காலையில் போட்ட டீ சோத்துக்கு, மத்தியானம் போடுகிற டீ மணிக்கு. தண்ணீர் கொதிக்கிறது, தூளைப் போடுகிறேன், பக்கத்து அடுப்பில் பால் சூடேறுகிறது. அந்த நாளில் இந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. வகுப்பு முடிந்தால் அவரவர் டம்ளரை அவரவர் கழுவி வைக்க வேண்டும். பணிமனையில் இவருக்கு மூத்தவர் பிச்சைமுத்துத் தோழர் கொண்டுவந்த பழக்கம். முதல் வகுப்பன்றே குடித்து முடித்துவிட்டு நேராக உள்ளே வந்து, கொஞ்சம் நகருங்க தோழர் என்றார் என்னிடம். என்னைத் தோழர் என்றது அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு எல்லாரும் வந்தார்கள், இந்தச் சின்ன இடத்தில் இடித்துக்கொண்டு வரிசையாக நின்று கழுவினார்கள், இவரும் நின்றார், தண்ணீரை என்மேல் தெளித்தார் ஒருநாள். அரசியல் இந்த சிங்க் முன்னால்தான் நடந்தது, வகுப்பில் பேசப் பயந்தவர்கள் இங்கே பேசினார்கள். அது எப்போது நின்றது. மாரிக்கண்ணு வேலைக்கு வந்த வாரம் நின்றது. யாரும் முடிவு செய்யவில்லை, தீர்மானம் போடவில்லை, ஓட்டெடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்ளர்கள் பாயிலேயே இருந்தன, அவள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள், அடுத்த வாரமும் இருந்தன. பிச்சைமுத்துத் தோழர் மட்டும் எழுந்து வந்தார், குடுங்க தோழர் நான் கழுவிடுறேன் என்று மாரிக்கண்ணு வாங்கிக்கொண்டாள், அவரும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். வர்க்கம் எப்படித் தோன்றுகிறது என்று தாடிக்காரர் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறார், எனக்கு ஒரு டம்ளர் போதும்.

“இப்ப குடும்பத்துக்கு வருவோம்” என்கிறார். இன்றைய தலைப்பு அதுதான், குடும்பமும் வர்க்கமும். சாக்பீஸ் கிறீச்சிடுகிறது, எனக்குப் பல் கூசுகிறது. “வர்க்கம்னா ஆலையில மட்டும் இருக்கிறதுன்னு நெனச்சுக்காதீங்க. நம்ம சமையலறைக்குள்ளயே இருக்கு. ஒரு வீட்டை எடுத்துக்குவோம். எங்க வீடுன்னே வெச்சுக்குங்களேன், எதுக்கு ஒளிக்கணும், சுயவிமர்சனம் வீட்டிலேர்ந்துதான் தொடங்கணும்.” சிரிப்பு. மாரிக்கண்ணு டம்ளரைத் துடைக்கிற கையை நிறுத்திவிட்டுத் திரைச்சீலையைப் பார்க்கிறாள், தன் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்த மாதிரி ஒரு புன்னகை. “இங்க ஒரு வட்டம். இது தொழிலாளி. மேல ஒரு வட்டம். இது எஜமானி. தொழிலாளி வாரத்துல ஒருநாள் விடுமுறை கேக்குறாங்க. நியாயமான கோரிக்கை, நம்ம சங்கத்தோட கோரிக்கை. எஜமானி முடியாதுங்குறாங்க. அவங்க கெட்டவங்களா? இல்ல. நல்லவங்க. படிச்சவங்க. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் குடுக்கிறவங்க. ஆனா அவங்க நிக்கிற இடம் அவங்களை அப்படிச் சொல்ல வைக்குது. மனுஷங்களைக் குத்தம் சொல்லாதீங்க, இடத்தைப் பாருங்க. இதான் வர்க்கப் பார்வை.” கரண்டி என் கையில்தான் இருக்கிறது. நான் அதைக் கீழே போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒரு சத்தமாவது கேட்டிருக்கும். நல்லவங்க, படிச்சவங்க. பிணத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்வது மாதிரி. அந்த நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு சொல்லியிருப்பார், எனக்குப் பார்க்காமலே தெரிகிறது. ஷேவ் செய்த சோப்பு காதோரம் ஒட்டியிருந்தது அன்றைக்கு, நான்தான் துடைத்துவிட்டேன். நீயே சொல்லிடு பெர்னா. நான் நிற்கிற இடமாம். என்னை இந்த இடத்தில் நிறுத்தியது யார், திறந்திருக்கிற வீடு வேண்டும் என்றது யார். மாரிக்கண்ணுவின் சம்பளம் இவர் பென்ஷன், என் கை வழியாகப் போகிறது, அதனால் நான் எஜமானி. பேங்க் ஜன்னலுக்குப் பின்னால் பணம் எண்ணிக் கொடுக்கிற பெண் பேங்க் முதலாளியா. ஒரு பெண் குரல் கேட்கிறது, இளவரசி, சட்டக் கல்லூரியில் படிக்கிறவள், எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாள். “தோழர், ஒரு சந்தேகம். அந்த வீட்டம்மா செய்யிற வேலைக்கு யாரு சம்பளம் குடுக்கிறாங்க? அவங்களை எந்தப் பக்கம் போடுறது?” நான் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன், பரீட்சை முடிவு வாசிக்கிற மாதிரி. “நல்ல கேள்வி. அது தனித் தலைப்பு. அடுத்த சுற்றில் பார்ப்போம்.” அடுத்த சுற்று. மாரிக்கண்ணுவின் லீவும் அடுத்த சுற்றில், நானும் அடுத்த சுற்றில். ஆனால் பயம் இதுவல்ல, பயம் வேறு. இவர் சொல்வது நிஜமாக இருந்துவிட்டால். சாயங்காலம் நானும் மாரியும் சேர்ந்து சீரியல் பார்ப்போம், நான் நாற்காலியில், அவள் தரையில். மேலே உட்காரு மாரி என்று ஒருதடவை சொல்லியிருக்கிறேன், பரவால்லக்கா என்றாள், நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை. நாளைக்கு அவள் வராவிட்டால் நான் முதலில் எதை நினைப்பேன், அவள் சிரிப்பையா, சிங்க்கையா. எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இடம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, தாடிக்காரர் பொய் சொல்லவில்லை, அவரை இவருக்கு வாசித்துக் காட்டினவள் நான். அவர் சொன்னதை எடுத்து என்மேல் எறிகிறாரே இந்த மனுஷன், அதுவும் நான் தமிழாக்கிக் கொடுத்த வார்த்தையில்.

“பாலு பொங்கிருச்சுக்கா.” மாரிக்கண்ணு எட்டி அடுப்பை அணைக்கிறாள், நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், கண் முன்னால் பொங்கி வழிந்து பர்னரெல்லாம் நனைந்துவிட்டது, தீய்ந்த வாடை. துணியை எடுத்துத் துடைக்கிறாள். துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “விடுங்கக்கா. தோழர் உங்களைத் தப்பாவா சொன்னாரு, நல்லவங்கன்னுதான சொன்னாரு” என்கிறாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள். “அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாருக்கா. நான் எவ்வளவோ எடுத்துச் சொல்றேன் மாரிக்கண்ணு, அக்காதான் ஒத்துக்க மாட்டேங்குறாங்க, கொஞ்சம் பொறுத்துக்கன்னு. எனக்காக அவரு பேசுறாரே, அது போதும். நீங்க மனசு வெச்சா விட்டுருவீங்க, எனக்குத் தெரியும்.” என்றைக்குச் சொன்னார். நான் இருக்கும்போதா, நான் ஜெபமாலைக்காரிகள் கூப்பிட்டு அடுத்த தெருவுக்குப் போயிருந்தபோதா. எங்கே நின்று சொன்னார், குழாயடியிலா, அவள் குனிந்து தேய்க்கும்போது இவர் நின்றுகொண்டு சொன்னாரா. எவ்வளவோ எடுத்துச் சொல்றேன். என்ன எடுத்துச் சொன்னீர்கள், என் முட்டியைத்தான் எடுத்தீர்கள். “மாரி, இங்க பாரு. முடியாதுன்னு சொன்னது நான் இல்ல.” அவள் துணியைப் பிழிகிறாள், குழப்பத்தோடு என்னைப் பார்க்கிறாள். “நீங்கதானக்கா சொன்னீங்க. இந்த எடத்துலதான் நின்னு சொன்னீங்க.” ஆமாம். நான்தான் சொன்னேன், என் வாயால், என் குரலில், அக்கா என்ற உரிமையோடு. இனி நான் எத்தனை தடவை சொன்னாலும் அது எஜமானி தன் புருஷன்மேல் பழி போடுகிற கதையாகத்தான் இருக்கும், தோழர் நல்லவர், அக்காதான் கெடுபிடி, எல்லா வீட்டிலும் அப்படித்தானே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராதே என்று இப்போதே சொல்லிவிடலாம், வாய் வரைக்கும் வருகிறது. சொன்னால் என்ன ஆகும். தோழர் போராடி வாங்கிக் கொடுத்ததாக ஆகும். முன்னறையில் அடுத்த வாரம் அதுவும் ஒரு உதாரணம், மேலே இருந்த வட்டம் வகுப்பின் ஒளியால் திருந்திய கதை. அவள் ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கிடைத்துவிடும், அது போதாதா என்று தாழ்ச்சியுள்ள பெண் கேட்பாள். எனக்குத் தாழ்ச்சி கிடையாது. எனக்கு இந்த ஒருத்தி என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது வேண்டும். தாடிக்காரர் அதை எந்தக் கணக்கில் வைப்பாரோ வைக்கட்டும். சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். அவர் வாயால்தான் அது உண்மையாகும், என்ன அக்கிரமம் பார், என் உண்மைகூட அவர் சொன்னால்தான் செல்லும்.

டீயை வடிகட்டி டம்ளர்களில் ஊற்றுகிறேன், தட்டில் அடுக்குகிறேன். மாரிக்கண்ணு வழக்கம்போல் தட்டுக்குக் கையை நீட்டுகிறாள். “நான் கொண்டுபோறேன். தட்டுல எடம் பத்தாத ரெண்டு டம்ளரை நீ எடுத்துக்கிட்டு என் பின்னாடியே வா.” “நானுமாக்கா?” “நீயும்தான்.” திரைச்சீலையைத் தோளால் தள்ளுகிறேன், தட்டு கனக்கிறது, முட்டி ஒரு தடவை கடக்கென்கிறது. இவ்வளவு பேரா, இவர்கள் முகத்தையெல்லாம் நான் எப்போது பார்த்தேன், டம்ளர்களைத்தான் பார்த்திருக்கிறேன். சுவரோரம் பிச்சைமுத்துத் தோழர், காலை நீட்டிக்கொண்டு. முன்வரிசையில் இளவரசி, பேனாவைக் கடித்துக்கொண்டு. பலகையில் மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், நடுவில் அம்புக்குறி. நன்றாகத்தான் வரைந்திருக்கிறார், ஃபிட்டர் கை, வட்டம் வட்டமாகவே வரும். சுற்றிலும் நிறைய இடம் காலியாக இருக்கிறது. “டீ வந்தாச்சு, பெர்னா, அப்படியே வெச்சுட்டுப் போ, எடுத்துக்குவாங்க” என்கிறார், இப்போதுதான் அடுப்படியில் என்மேல் சீறிவிட்டு வந்தவர் மாதிரியே இல்லை, முகத்தில் வகுப்பு வெளிச்சம். நான் வைக்கவில்லை. பின்னால் மாரிக்கண்ணுவின் மூச்சு என் தோளில் படுகிறது. இந்த மனுஷனை நான் ஏங்க என்றிருக்கிறேன், என்னங்க என்றிருக்கிறேன், கோபத்தில் பெயர் சொல்லியும் இருக்கிறேன். இன்றைக்கு அந்த வார்த்தை தானாக வந்தது. “தோழர்” என்றேன். பிச்சைமுத்துத் தோழர் காலை மடக்கிக்கொண்டார். “உங்க படத்துல ஒரு ஆள் குறையுது. அந்த வீட்டுல முடியாதுன்னு சொல்லச் சொன்னவர் ஒருத்தர் இருக்காரு, அவர் மேல் வட்டத்துக்கிட்டயும் ஒண்ணு சொன்னாரு, கீழ் வட்டத்துக்கிட்டயும் ஒண்ணு சொன்னாரு. அவரையும் ஒரு வட்டமாப் போட்டு, பேரு எழுதிடுங்க.” ஃபேன் சுற்றுகிறது. இவர் பலகையைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்க்கிறார், அங்கே மாரிக்கண்ணு இரண்டு கையிலும் சூடான டம்ளரோடு நிற்கிறாள், விரலை மாற்றி மாற்றிப் பிடிக்கிறாள், கீழே வைக்கவில்லை. இளவரசி பேனாவை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். யாரும் டீயை எடுக்கவில்லை, ஆடை படிந்துவிடும். இவர் கண்ணாடியை மேலே தள்ளினார், சாக்பீஸை விரல்களுக்குள் உருட்டினார், அந்த வாய்க்கு வார்த்தை வாசித்துக் கொடுக்க நான் இப்போது ஸ்டூல் பக்கத்தில் இல்லை.

“எங்க போடுறீங்கன்னு மாரிக்கண்ணு பாக்கணும் தோழர். சாக்பீஸ் உங்க கையிலதான் இருக்கு. போடுங்க.”